பார்த்த கண்ணும் வரைந்த கையும்

திங்கள்கிழமை காலை அலுவலகம் போனதும் மின்னஞ்சலில் ஒரு கோப்பு. 72 பக்கம். பயனர் ஆய்வுக் குழு மூன்று வாரம் மூன்று ஊர்களில் அலைந்து எழுதிய அறிக்கை. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், ஒரு பெயர், வயது 34, ‘அவசரக்காரர், பணம் என்றால் மட்டும் நிதானிப்பார்’ என்று ஒரு குறிப்பு. அப்படி ஒரு பெண் கிடையாது. 18 பேரிடம் பேசியதைக் கலக்கி வார்த்தெடுத்த ஆள் அவர். அவருக்காக நான் ஒரு செயலியில் பணம் கட்டும் திரையை வரைய வேண்டும்.

மூன்று பக்கம் நின்று படித்தேன். மீதியை விரல் தள்ளிக்கொண்டே போனது. 51ஆம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஓடிபி வந்ததும் சிலர் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி எண்ணைப் படிக்கச் சொல்கிறார்கள், பிறகு போனைத் திரும்ப வாங்கி, எண்ணை முணுமுணுத்தபடி அழுத்துகிறார்கள். அன்று மதியத்துக்குள் திரையை மாற்றிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த நொடிக் கடிகாரத்துக்கு அவகாசம் கூடியது. வரிசையாக நின்ற ஆறு கட்டங்களை மூன்று மூன்றாகப் பிரித்தேன், காதில் கேட்டதை விரலுக்குக் கொண்டுவரச் சுலபமாக இருக்கட்டும் என்று.

டிசைன் ஆய்வால் உனக்கு என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். 72 பக்கத்துக்கு ஒரு வரி. மற்ற 71 பக்கமும் வீண் என்று சொல்லவில்லை. அவை மேலாளருக்கு, முதலீட்டாளருக்கு, அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு உதவும். வரைகிற கைக்கு வேலை கொடுத்தது அந்த ஒரு வரிதான்.

நான் தொழிலுக்கு வந்த 1993இல் அந்த ஒரு வரியும் கிடையாது. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஆர்ட் ரூம். சாய்வுப் பலகை, டி-ஸ்கொயர், எப்போதும் அடைத்துக்கொள்ளும் ரோட்ரிங் பேனா, ரப்பர் சொல்யூஷன் வாசனை. கணினி கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருந்தது; நாங்கள் வெளியே ஃபேனுக்கடியில். கிளையன்ட் வந்து “கொஞ்சம் பளிச்சுன்னு போடுங்க சார்” என்பார். பளிச்சென்று போடுவோம். அதை யார் வாங்குகிறார், எங்கே வைத்துப் பார்க்கிறார், கண்ணாடி போட்டுப் பார்க்கிறாரா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. எங்கள் மூத்த ஆர்ட்டிஸ்ட் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து “சரியா உட்காரல” என்றால் அதுதான் தீர்ப்பு. அவர் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கலே அதில்தான். தப்பாகிப்போன ஒன்றிரண்டு தடவை, தப்பு என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் இருந்தது. அச்சான பொருள் லாரியில் ஏறிப் போய்விடும். திரும்பி வந்து யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரே ஒருமுறை திரும்பி வந்தது, அதுவும் வீட்டுக்கு. ஒரு மருந்துக் கம்பெனிக்கு மாத்திரை அட்டையின் பின்புற ஃபாயில் வரைந்திருந்தேன். மருந்தின் பெயர் அட்டையின் நீளத்துக்கும் பெரிதாக ஒரே தடவை, கீழே சேர்மானம், ஓரத்தில் தேதி அழுத்துவதற்கு ஓர் இடம். பலகையில் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. சில மாதம் கழித்து அம்மாவுக்குக் காய்ச்சல். தெருமுனை மருந்துக்கடையில் கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நான்கு மாத்திரையை நறுக்கி, பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார். நான் வரைந்த பெயரின் நடு எழுத்துகள் மூன்று மட்டும் அதில் இருந்தன. “இது என்ன மாத்திரைப்பா? தேதி எங்கே போட்டிருக்கு?” என்றார். தேதி கடையில், மிச்ச அட்டையோடு இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அதே கடை ஓரமாக ஒரு மணி நேரம் நின்றேன். முழு அட்டையாக வாங்கிப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கத்தரிக்கோல் ஓயவில்லை. எங்கள் ஆர்ட் ரூமில் ஒரு கத்தரிக்கோலைக் கற்பனை செய்துபார்க்கக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. அதற்கடுத்து வந்த மருந்து வேலையில் பெயரையும் மில்லிகிராமையும் சிறிதாக்கி, ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் வரும்படி திரும்பத் திரும்பப் போட்டேன். தேதி ஓரத்தில் இயந்திரம் அழுத்துவது. அது என் கைக்கு எட்டவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆய்வு என்று பெயர் உண்டு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

தெரிந்தது ஓர் இங்கிலாந்துக் கதை வழியாக. 1950களில் அந்த நாட்டுச் சாலைப் பலகைகள் ஒரு கதம்பம். மோட்டார் சங்கங்கள் நட்டவை, உள்ளூர் நிர்வாகங்கள் நட்டவை, வார்ப்பிரும்பில் பழையவை என்று ஊருக்கு ஒரு மாதிரி. எல்லாம் பெரிய எழுத்தில், நெருக்கமாக. மாட்டுவண்டி வேகத்துக்குச் சரி. 1958 டிசம்பர் 5 அன்று பிரெஸ்டன் நகரைச் சுற்றிப் போகும் நாட்டின் முதல் மோட்டார்வே திறக்கப்பட்டது. அன்றைக்கு அதில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. வண்டியை நிறுத்திப் பலகையைப் படிக்கும் காலம் அங்கே முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே அரசு சர் காலின் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு போட்டிருந்தது. அந்தக் குழுவுக்காகப் பலகைகளை வடிவமைத்தவர் ஜாக் கின்னியர். கேட்விக் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளைச் செய்தவர். கூட வேலை பார்த்தவர் மார்கரெட் கால்வெர்ட், செல்சி ஓவியப் பள்ளியில் அவரிடம் படித்த மாணவி. இவர்கள் எழுத்திலிருந்து தொடங்கவில்லை. ஓட்டுகிறவருக்கு எந்த இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். பிறகு மாதிரிப் பலகைகளைச் செய்து ஒரு நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்துக்கு எடுத்துப் போனார்கள். லண்டன் ஹைட் பார்க்குக்கு எடுத்துப் போய் மரங்களில் சாய்த்துவைத்தார்கள். எந்தப் பின்னணி நிறம் எடுபடுகிறது, எத்தனை தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று நடந்து நடந்து பார்த்தார்கள். வரைந்தவர்களே நடந்தார்கள்; நடந்தவர்களே திரும்பிப் போய் வரைந்தார்கள்.

இதில் கிடைத்தது சின்ன லாபமல்ல. அதுவரை பலகையின் அளவை முதலில் முடிவு செய்து எழுத்தை அதற்குள் அடைப்பார்கள். இவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். வண்டியின் வேகம் எழுத்தின் உயரத்தைச் சொல்லும். எழுத்துக் கோட்டின் தடிமன்தான் அளவுகோல். சொற்களுக்கு நடுவே, வரிகளுக்கு நடுவே, ஓரத்தில் எல்லாம் விடும் இடம் அந்தத் தடிமனின் மடங்கு. கடைசியில் என்ன அளவு வருகிறதோ அதுதான் பலகை. பார்த்தவர்கள் பலகைகள் பூதாகரமாக இருப்பதாக மிரண்டார்கள். வேகமாகப் போகிறவருக்கு அது பூதாகரமாகத் தெரியவில்லை.

எழுத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது. கின்னியர்–கால்வெர்ட் எழுத்து சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்தது. சொல்லுக்கு ஓர் உருவம் கிடைக்கும், தூரத்திலேயே உருவத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். கல்லில் எழுத்துச் செதுக்கும் டேவிட் கிண்டர்ஸ்லி இதை ஏற்கவில்லை. முழுக்கப் பெரிய எழுத்தில், முனைகளில் சிறு கொக்கிகளோடு, தானே ஒன்றை வரைந்து கொடுத்தார். சாலை ஆராய்ச்சிக்கூடம் பென்சன் விமானத் தளத்தில் சோதனை வைத்தது. பார்வையாளர்களை உட்காரவைத்து, பலகையைச் சுமந்த வண்டியை அவர்களை நோக்கி ஓட்டி, எந்த இடத்தில் படிக்க முடிந்தது என்று அளந்தார்கள். ஜெயித்தது கிண்டர்ஸ்லி! சுமார் 3 சதவீத தூரம் முன்னாலேயே அவர் எழுத்தைப் படிக்க முடிந்தது.

ஆனால் சாலைக்கு வந்தது கின்னியர் எழுத்து. வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது எது பார்க்க நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இதை அநியாயம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு இந்தச் சோதனைமேல் பெரிய மரியாதை. இரண்டு தரப்பும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த விஷயத்தில், பந்தயமே 3 சதவீதத்துக்குத்தான் என்று அது அளந்து காட்டியது. அதன்பிறகு கண்ணின் ரசனையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

(நம் எழுத்தில் பெரிது, சிறிது என்ற பேதமே இல்லை என்பதால் அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மேல்விலங்கும் கீழ்விலங்கும் கொம்பும் சொல்லுக்குத் தாமே உருவம் கொடுத்துவிடுகின்றன. நெடுஞ்சாலையில் போகும்போது தமிழ் வரி பக்கத்து ஆங்கில வரியின் உயரத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், மரத்தில் சாய்த்துப் பார்த்த அந்த இருவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.)

மற்ற சாலைகளுக்கான பலகைகள் வால்டர் வார்பாய்ஸ் குழுவின் 1963 அறிக்கைக்குப் பிறகு, 1965 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கான பழைய பலகையில் ஒரு பையன் சிறுமியை அழைத்துப் போவான். கால்வெர்ட் அதை மாற்றி, சிறுமி சின்னப் பையனின் கையைப் பிடித்து அழைத்துப் போவதாக வரைந்தார்; சிறுமிக்குத் தன் சிறுவயதுப் புகைப்படத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டார். எந்த ஓடுபாதையில் அளந்தாலும் கிடைக்காத தீர்மானம் அது.

இதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1962இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வடிவமைப்பு முறைகளைப் பற்றி ஒரு மாநாடு. 1966இல் டிசைன் ரிசர்ச் சொசைட்டி. புரூஸ் ஆர்ச்சரின் குழு மருத்துவமனைக் கட்டிலை எடுத்துக்கொண்டு, மாதிரிக் கட்டில்களை உண்மையான வார்டில் போட்டு, செவிலியர்கள் வேலை செய்வதைக் கவனித்துப் பதிவு செய்தது. நல்ல கட்டில் கிடைத்தது. கூடவே, வடிவமைப்பது எப்படி என்பதே தனிப் படிப்பாக வளர்ந்தது. படங்கள், அம்புக்குறிகள், சூத்திரங்கள். 1964இல் அப்படியொரு முக்கியமான புத்தகத்தை எழுதிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், 1971 பதிப்பின் முன்னுரையிலேயே அந்தத் துறையிலிருந்து கழன்றுகொண்டார். வடிவமைக்கும் வேலையிலிருந்து வடிவமைப்பைப் பற்றிய படிப்பைப் பிரிப்பது அபத்தம் என்பது அவர் கட்சி. படம் வரைகிறவன் என்ற முறையில் நான் அவர் பக்கம்.

அவர் பேச்சு எடுபடவில்லை. பிரிந்தது பிரிந்ததுதான். இன்று எங்கள் அலுவலகத்தில் பார்ப்பது ஒரு பதவி, வரைவது ஒரு பதவி. நடுவில் ஒரு ஸ்லைடு கோப்பு. இணையம் வந்தபின் பார்ப்பதற்கு ஆளே வேண்டாம் என்றும் ஆயிற்று. லட்சம் பேரில் பாதிக்கு ஒரு திரை, மீதிக்கு இன்னொரு திரை காட்டினால் எண்களே பேசும். 2009இல் கூகுளை விட்டுப் போன டிசைனர் டக்ளஸ் போமேன், இரண்டு நீலங்களுக்கு நடுவே எது என்று முடிவு செய்ய முடியாமல் 41 நீலங்களைச் சோதித்த கதையை எழுதிவிட்டுப் போனார். அவர் வேதனை எனக்குப் புரிகிறது. பென்சன் தளத்தில் 3 சதவீதத்தைப் பார்த்துவிட்டு ‘இது போதும், இனி கண்ணைக் கேட்போம்’ என்று சொல்ல ஆள் இருந்தார்கள். 41 நீலத்தில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அளந்துவிட்டோம் என்பதாலேயே எல்லாம் தெளிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு கிளியர்வியூ என்று ஓர் எழுத்துரு. பல்கலைக்கழகச் சோதனைகளின் பலத்தில் 2004இல் அரசு தற்காலிக அனுமதி கொடுத்தது. 2016இல் அதே அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றது. கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு புதிய, பளபளப்பான பிரதிபலிப்புத் தாளால் வந்தது, எழுத்தால் அல்ல என்றது. வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தாக வரும்போது பழைய எழுத்தைவிட மோசம் என்றும் சொன்னது. 2018இல் மறுபடி அனுமதி. ஊர் திருவிழாவுக்குப் புதுச் சட்டை போட்டவனைப் பார்த்து ‘ஆளே மாறிட்டான்’ என்று சொல்வதுபோலத்தான். சட்டையையும் ஆளையும் பிரித்துப் பார்க்க, சோதனையை நடத்துகிறவருக்கு அச்சும் தாளும் வெளிச்சமும் கைப்பழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கின்னியர்–கால்வெர்ட் எழுத்துக்கு ஒரு மறுபிறவி உண்டு. கால்வெர்ட்டும் ஹென்ரிக் குபெலும் சேர்ந்து அதைத் திரைக்கு ஏற்பப் புதுப்பித்தார்கள். 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு தன் இணையதளங்களைத் திரட்டி ஒரே தளமாக்கத் தொடங்கியபோது அந்த எழுத்து அங்கே வந்து உட்கார்ந்தது. மறு ஆண்டு லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டு விருது அந்தத் தளத்துக்கு. பார்க்க ஒன்றுமே இராது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாள்காட்டியைத் திறந்துகாட்டி ஐம்பது வருடம் பின்னால் உருட்டச் சொல்லாமல், தட்டிக்கொள்ள மூன்று சிறு பெட்டிகள். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. இவையெல்லாம் ஆட்களை எதிரே உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வந்தவை.

அந்தத் தளத்தைக் கட்டிய குழுவின் பழக்கங்களில் ஒன்றைத்தான் நான் பொறாமையோடு பார்க்கிறேன். குழுவில் யாராக இருந்தாலும், நிரல் எழுதுகிறவரோ வரைகிறவரோ, ஆறு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது சோதனையில் போய் உட்கார வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். சுவரில் ஒட்டியும் வைத்தார்கள். அறிக்கை படிக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

என் தரப்பு வாதத்தை நானே உடைத்தும் சொல்லிவிட வேண்டும். பார்க்கும் வேலை டிசைனர் கையிலிருந்து போனதற்கு டிசைனரே காரணம். ஒருமுறை ஆய்வுக் குழுவோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் என் திரையில் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். பத்து நொடி. இருபது நொடி. எனக்குத் தாங்கவில்லை. “ஐயா, வலது பக்கம் கீழே பாருங்க” என்றேன். ஆய்வு நடத்திய பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தான் வரைந்ததை ஒருவர் தடவித் தடவிப் பார்ப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும். அவருக்கு அது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: பேச வந்தவரிடம் முதலில் அனுமதி கேட்டுக் கையெழுத்து வாங்கினார். மருந்துக்கடை ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று அடுத்தவர் வாங்கும் மருந்தை எட்டிப் பார்த்தவன் யாரிடம் கேட்டான்?

அந்த 51ஆம் பக்கத்து வரியை எழுதியது அதே பெண்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். “அடுத்த தடவை நானும் வரேன்மா” என்றேன்.

“வாங்க சார். ஆனா பேசக் கூடாது.”

விழுப்புரத்தில் ஒரு தையல் கடை. கடை நடத்தும் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண்மேல், ஒரு கண் எங்கள்மேல். போனில் என் புதிய திரை. கடிகாரத்துக்கு அவகாசம் கூட்டிய, கட்டங்களை மூன்று மூன்றாகப் பிரித்த திரை. நான் மூலையில் ஸ்டூலில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர், தொகை எல்லாம் தடங்கலில்லாமல் போனது. சோதனைக்கான குறுஞ்செய்தி வந்தது. மேலே ஒரு நொடி மின்னிவிட்டு மறைந்தது. அவர் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைத் தேடினார், அது மிஷின்மேல் துணிக்கடியில் எங்கோ கிடந்தது. நேராக என்னிடம் நீட்டினார்.

“சார், அந்த நம்பரைக் கொஞ்சம் படிங்க.”

ஆய்வு நடத்தும் பெண்ணைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். 461835.

“நாப்பத்தாறு… பதினெட்டு… முப்பத்தஞ்சு” என்று படித்தேன்.

அவர் போனை வாங்கி, “நாப்பத்தாறு, பதினெட்டு” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான்கு. ஆறு. ஒன்று. முதல் மூன்று கட்டம் நிறைந்தது. நான் ஆசையாக விட்டிருந்த இடைவெளி வந்தது. பதினெட்டின் எட்டு இன்னும் அவர் வாயில் இருந்தது. விரல் அந்த இடைவெளிக்குமேல் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

“அப்புறம் என்ன சார்?”